அக்காவைப் பிடித்திருந்த கை

மார்ச் 3, செவ்வாய்

புதிதாகச் சேர்ந்த டாக்டருக்கு எங்கள் பேச்சு மருத்துவமனையின் தரவுத்தளத்தைக் காட்டினேன். கட்டம் போட்ட அட்டவணைகளை எதிர்பார்த்து வந்திருந்தார். இது பொருள்சார் தரவுத்தளம், இங்கே ஆள் ஆளாகவே இருப்பார் என்றேன். அவர் கையில் அவர் பேசிய வாக்கியங்கள். ஒவ்வொரு வாக்கியத்தின் கையிலும் அதைப் பேசியவர். கம்ப்யூட்டரை அணைத்தாலும் பிடித்த கை விடாது. இத்தனை வருஷமாகியும் இதைச் சொல்லும்போது எனக்குப் புல்லரிக்கிறது. பைத்தியம்தான்.

உதாரணத்துக்கு அக்காவையே காட்டினேன். குரல்வளையை எடுக்கும் ஆபரேஷனுக்கு முன்னால் அவள் பேசிப் பதிந்த குரல். அதை வைத்துத்தான் அவளுக்குப் பேசும் கருவி தயாராகப் போகிறது. நோயாளிகள் பட்டியலிலிருந்து எடுத்து, என் சோதனைப் பட்டியலில் போட்டுக் காட்டினேன். டாக்டர் அசந்துபோனார். எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

மார்ச் 6, வெள்ளி

சோதனைப் பட்டியலைக் காலி செய்தேன். மேஜையும் சுத்தம்.

மார்ச் 9, திங்கள்

கருவி செய்பவர் அக்காவின் பதிவுகளைக் கேட்டார். எந்தப் பட்டியலிலும் அவள் இல்லை. நகலெடுத்தேன் என்று நினைத்தேன் — நகர்த்தியிருக்கிறேன். பட்டியல்களில் தொடங்கி, கைக்குக் கை போய் எட்ட முடியாத எதையும் ஞாயிற்றுக்கிழமைதோறும் தானாக ஓடும் துப்புரவு புரோகிராம் துடைத்துவிடும். அந்தத் துப்புரவை எழுதியதே நான்தான். காப்புப் பிரதியும் அதற்குப் பிறகு அதே டிஸ்க்கில் மேலெழுதப்பட்டுவிட்டது. அக்காவைத் திரும்பப் பேசச் சொல்லிப் பதிய முடியுமா? என்னடி பண்ணி வெச்சிருக்கே நீ?

மார்ச் 10

அக்காவிடம் சொல்லிவிட்டேன். சிலேட்டை எடுத்து எழுதினாள்: "விடு. உன்னைத் திட்டத்தான் குரல் வேணும்னு நெனச்சேன்." அவள் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.

மார்ச் 11, புதன்

பயிற்சி அறையைத் தாண்டிப் போனேன். உள்ளே அக்கா பேசினாள்.

"கதவைச் சாத்திட்டு வா."

அவளேதான். அந்தக் கரகரப்பு, என்னை அதட்டும் அதே அதட்டல். பின்னாலேயே ஓர் ஆண் குரல் எழுத்தெழுத்தாகத் தேடி அதைத் திரும்பச் சொன்னது.

பக்கவாதத்தில் பேச்சை இழந்த பஸ் டிரைவர். அக்காவின் ஆபரேஷனுக்கு முன்பே அவளிடம் கேட்டு, அந்த ஒரு வாக்கியத்தை டிரைவரின் பாடத்தோடு இணைத்திருக்கிறார் பயிற்சி கொடுக்கும் அம்மா. "நாங்க சொன்னா இவர் கேக்குறதில்ல. உங்க அக்கா அதட்டினாத்தான் வாயத் திறக்கிறார்" என்றார் சாதாரணமாக.

ஓடிப்போய் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தேன். பட்டியல்களில் மட்டும்தானே தேடியிருந்தேன்! டிரைவரிலிருந்து பாடம், பாடத்திலிருந்து வாக்கியம், வாக்கியத்திலிருந்து அக்கா. அவளிடமிருந்து — அவள் பேசியது எல்லாமே. ஒன்றுகூடக் குறையவில்லை. துப்புரவு அவள்வரை வந்து, ஒரு கை பிடித்திருப்பதைப் பார்த்து விட்டுவிட்டுப் போயிருக்கிறது. அந்த விதியை எழுதியவள் நான். ஆனாலும் அதைக் கும்பிடத் தோன்றியது.

மார்ச் 12

அக்காவைப் பழைய இடத்தில் சேர்த்தாயிற்று. மூன்று முறை சரிபார்த்தேன்.

ஏப்ரல் 2, வியாழன்

அக்கா கருவியோடு வந்தாள். என்னைக்கூடப் பார்க்காமல் நேரே பயிற்சி அறைக்குப் போனாள். குறும்பு போகுமா அவளுக்கு? டிரைவர் முன்னால் நின்று கருவியைத் தட்டினாள்.

"கதவைச் சாத்திட்டு வா."

டிரைவர் வழக்கம்போல் அதைத் திரும்பச் சொல்லவில்லை. அவளையே பார்த்தார். பிறகு மெல்லத் திரும்பிக் கதவைப் பார்த்தார்.

"சாத்தித்தான்... இருக்கு."

பயிற்சி கொடுக்கும் அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். டிரைவர் தாமாகச் சொன்ன முதல் வாக்கியம் அது.