எண்ணிக்கையில் வராதவர்கள்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். அம்மாவும் நானும் சுகம்தான். போன் போட்டால் "சாப்பிட்டாச்சு, வேலையிருக்கு, வைக்கிறேன்" என்று முடித்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாது இல்லையா, அதனால்தான் காகிதம் எடுத்தேன்.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடியேறித் துணி காயப்போடுகிறாள். வேண்டாம் என்றால் என்னைத் திட்டுகிறாள். உடம்பு தேறிவிட்டது என்று அதை வைத்தே தெரிந்துகொள்.

ஆஸ்பத்திரியிலிருந்து என்னை ஒரு மாதம் கணக்கெடுப்பு வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். நாடு முழுக்க எத்தனை பேருக்கு அந்தத் தொற்று வந்துபோயிருக்கிறது என்று கண்டுபிடிக்கும் வேலை. காய்ச்சல் என்று வந்தவர்களை மட்டும் எண்ணினால் போதாதாம். வந்ததே தெரியாமல் நடமாடியவர்களும் இருப்பார்களே. அதனால் சீட்டுக் குலுக்கிய மாதிரி சில தெருக்கள், அவற்றில் சில வீடுகள், வீட்டுக்கு ஒருவர். ரத்தம் எடுத்து, உடம்பு அந்தக் கிருமியோடு சண்டை போட்ட அடையாளம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். குலுக்கலில் விழுந்த வீட்டை மாற்றக் கூடாது. ஒரு பக்கத்து வீட்டு அம்மா தானாகவே கையை நீட்டி, "எனக்கும் எடும்மா, அப்படியே சர்க்கரையும் பார்த்துடு" என்றாள். சிரித்துக்கொண்டே மறுத்தேன். இஷ்டப்பட்டு வருகிறவர்களிடம் மட்டும் எடுத்தால் கணக்கு பொய்யாகிவிடும்.

அப்படி விழுந்த ஒரு வீடு ஒரு தையற்காரருடையது. தனி ஆள். இரண்டு முறை கதவைச் சாத்திவிட்டார். மூன்றாம் முறை மெஷினை நிறுத்தாமலே பேசினார். மனைவி அந்தக் காய்ச்சலில்தான் போனாராம். இவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லையாம். "எடுத்தா என்ன தெரியும்? நான்தான் அவளுக்குக் கொடுத்தேன்னு தெரியுமா?" என்று கேட்டார். "வந்துச்சா வரலையான்னு மட்டும்தாங்க தெரியும். எப்ப வந்துச்சு, யார்கிட்டேருந்து யாருக்குப் போச்சுன்னு இது சொல்லாது" என்றேன். கொஞ்ச நேரம் தைத்துக்கொண்டே இருந்தார். பிறகு நூலை அறுத்துவிட்டுச் சட்டைக் கையை மடித்தார்.

பேருந்து நிறுத்தம் வரை உன் நினைவுதான்.

தம்பி, வேலை தொடங்கும் முன் எங்களுக்கும் ரத்தம் எடுத்தார்கள். போன வாரம் முடிவு வந்தது. எனக்கும் வந்துபோயிருக்கிறது. ஒரு நாள்கூட நான் படுக்கவில்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் தொடங்கும் முன், தினமும் வார்டிலிருந்து வந்து அவருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது, கால் நகம் வெட்டிவிட்டது எல்லாம் நான்தான். அந்தச் சமயத்தில் நீ ஊருக்கு வந்து தங்கியது மூன்றே நாள்.

நகரத்துக் கணக்கும் வந்துவிட்டது. நாலில் ஒருவருக்கு வந்துபோயிருக்கிறது. நோயாளிகள் பட்டியலில் ஏறியவர் ஒருவர் என்றால் ஏறாதவர் இருபது பேர். பால்காரர், மருந்துக்கடைக்காரர், மாடி வீட்டுக்காரர், நான், நீ, யாராகவும் இருந்திருக்கலாம்.

அப்பா போன அன்று அத்தை எல்லோர் காதிலும் விழும்படி, "ரயிலேறி வந்து நோயை இறக்கிட்டுப் போறான்" என்றாளே. நீ வாசலில் தனியாக நின்றாய். அப்படிச் சொல்லிவிட முடியாது என்று நர்ஸான எனக்கு அன்றைக்கே தெரியும். வாயைத் திறக்கவில்லை. ஏன் என்று எட்டு மாதமாக யோசிக்கிறேன். உன்னைச் சொல்லும்வரை யாரும் என்னைச் சொல்ல மாட்டார்கள் என்ற பயம்தான். வேறு காரணம் கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அத்தை வீட்டுக்குப் போய் என் சோதனைத் தாளைக் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படித்தாள். பிறகு "அவன் எப்ப வரான்?" என்று கேட்டாள். அம்மாவிடமும் சொன்னேன். அழுதாள். "இதை அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டாள்.

மன்னித்துவிடு என்று எழுதி அடித்துவிட்டேன். நேரில் கேட்க வேண்டியது அது. லீவு போட்டுவிட்டு வா. ஒரு நாள் தங்கினாலும் போதும். நீ வரும்போது வாசலில் உன் பக்கத்தில் வந்து நிற்பேன்.

வழி பார்த்திருக்கும்,
அக்கா