அப்பா இழுத்த மருந்து

அருப்புக்கோட்டை
12.9.1991

அன்பு மகளுக்கு,

அப்பா நலமாக இருக்கிறார். இதை முதலிலேயே எழுதிவிட்டேன், இனி நீ நிதானமாகப் படிக்கலாம்.

செவ்வாய்க்கிழமை நம் வீட்டு முன்பக்கக் கடையில் மிளகாய் மூட்டை இறக்கினார்கள். நெடி ஏறி அப்பாவுக்கு இளைப்பு வந்துவிட்டது. பேச முடியவில்லை, உதடு நீலம் பாய்ந்துவிட்டது. உன் வீட்டுக்காரர் அனுப்பிய மருந்துக் குழாய் பிரிக்காமலே அலமாரியில் கிடந்தது. ஏன் என்று உனக்குத் தெரியும், உங்கள் கல்யாணத்தில் வந்த கோபம்தான். அதை எடுத்து வந்து அவர் வாயில் வைத்தேன்.

"கோவத்தைப் பொறகு வச்சுக்கோங்க. நான் அமுக்கையில மூச்சை உள்ள இழுங்க" என்றேன்.

இழுத்தார். கொஞ்ச நேரத்தில் நெஞ்சில் கேட்ட விசில் சத்தம் அடங்கியது. "தண்ணி குடு" என்றார். அதன் பிறகுதான் டாக்டரை அழைத்துவர ஆள் அனுப்பினேன்.

மூச்சுக்குழலைச் சுற்றியுள்ள தசை இறுகிப்போனதால்தான் காற்று போகவில்லை என்றார் டாக்டர். அந்தத் தசையில் ஏற்பிகள் என்று கண்ணுக்குத் தெரியாதவை இருக்கின்றனவாம். மருந்து அவற்றில் போய் ஒட்டியதும் தசை தளர்ந்து வழி விடுகிறதாம்.

"இது பழக்கமாயிரும்னு சொன்னாகளே" என்று அப்பா கேட்டார்.

"அப்படியெல்லாம் ஆகாது அண்ணாச்சி" என்றார் டாக்டர்.

இன்று காலை கடைக்கு வந்தவர் ஒருவர், அப்பாவின் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருப்பது என்ன என்று விசாரித்தார்.

"எங்க மாப்பிள்ளை குடுத்துவிட்ட மருந்து" என்றார் அப்பா.

எனக்குக் கேட்காததுபோல உள்ளே இருந்துகொண்டேன்.

தீபாவளிக்கு இருவரும் வாருங்கள். எழுதச் சொன்னது அப்பாதான்.

உன்னைப் பெற்றவள்