எலிகளுக்கு நான் போட்ட வெள்ளரிக்காய்

அவித்த உமியின் வாசனை வந்தால், நீங்கள் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைவதுபோல் இருக்கிறது, டாக்டரம்மா. நம் ஆராய்ச்சிக்கூடத்து எலிக்கூண்டில் பரப்புகிற அதே உமிதான். இன்று காலையும் கிருமி சாக அவிக்கிற மெஷினிலிருந்து சுடச்சுட இறக்கினேன். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது.

மாட்டுங்காவிலிருந்து நீங்கள், தாராவியிலிருந்து நான். எலிகளுக்கு முன்னால் இருவருமே மருமகள்கள். "மாமியார்களுக்கு இன்னிக்கு என்ன குறை, லெச்சுமி?" என்று கேட்டுக்கொண்டே வருவீர்கள். "இதுக்கு எங்க வீட்டு மாமியாரே தேவல" என்பேன்.

அந்த எலிகளின் குடலில் ஒரு மரபணு தூங்கிக்கொண்டிருந்தது. அது விழித்தால் குடல்புண் ஆறுமா என்று நீங்கள் பார்க்க வேண்டும். "பொறக்கறப்போவே முழிச்சிண்டா குட்டி தங்காது. வளர்ந்தப்புறம், குடல்ல மட்டும், நாம சொல்றப்போ முழிக்கணும். இந்தத் தண்ணிதான் எழுப்பும்" என்று மருந்துத் தண்ணீரை வைத்தீர்கள். ஒரே கசப்பு போல. மோந்துவிட்டுத் திரும்பிக்கொண்டன. வாயில்லாத ஜீவன் தாகத்தோடு கிடந்தால் எனக்குப் பொறுக்குமா? தாதரில் வெள்ளரிக்காய் வாங்கி, ஒரு வாரம் நறுக்கிப் போட்டேன்.

மரபணு விழித்தால் லென்சில் பச்சையாய் மின்ன வேண்டிய குடல் இருட்டாகவே இருந்தது. "ரெண்டு வருஷ உழைப்பு. இந்த வம்சத்தையே நிறுத்திடலாம்" என்றீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. வேலை போனால் போகிறது என்று வந்து நின்றேன்.

"அதுக தண்ணியே குடிக்கலம்மா. நாந்தான் வெள்ளரிக்கா போட்டேன்."

"எத்தனை கூண்டுக்கு?"

"எல்லாத்துக்குந்தான். ஓரவஞ்சனை பண்ணுவனா?"

முகம் சிவக்க முறைத்தீர்கள். பிறகு அடக்க முடியாமல் சிரித்தீர்கள். "நல்லவேளை, சொன்னியே! எலி மேல தப்பில்லைடி!"

மருந்தில் சர்க்கரையைக் கூட்டினீர்கள். தண்ணீர் இறங்குகிறதா என்று பாட்டிலில் தினமும் கோடு போடச் சொன்னீர்கள். அடுத்த வாரம் என்னையே லென்சில் பார்க்க வைத்தீர்கள். கொத்தமல்லிக்கட்டு போலப் பச்சைப்பசேல்! "குடலோட உள்தோல் நாலஞ்சு நாள்ல தானே புதுசாயிடும், லெச்சுமி. மறுபடி ஆரம்பிக்க அதுக்கு வெட்கமே கிடையாது" என்றீர்கள்.

அந்த வம்சத்துப் பேரன் பேத்திகள் இன்றும் கூண்டில் துள்ளுகின்றன. புண் ஆறி வருகிறதாம். புது டாக்டர் சொன்னார்.

நேற்று ஒரு கூண்டில் மருந்துத் தண்ணீருக்குப் பதில் வெறும் தண்ணீரை மாட்டிவிட்டேன். கண்ணில் பட்டதும் அவரிடம் ஓடினேன். "தப்பைச் சொல்ல யாராவது இவ்வளவு வேகமா வருவாங்களா?" என்று இந்தியில் கேட்டார்.

உங்களோடு வேலை பார்த்தவள் வேறெப்படி வருவேன்?