அட்டையில் ஒட்டிய விதித்தாள்

ஆங் மோ கியோ, சிங்கப்பூர்,
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சிவானிக்கு அம்மா எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன், முட்டிவலி மட்டும் இருக்கிறது, அது பெரிய விஷயமில்லை. நீ நலமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, பதில் வேண்டும் என்றுதான் கேட்கிறேன். எப்போதும் உனக்கு ஆங்கிலத்தில்தான் எழுதுவேன், கான்வென்டில் படித்தவள் என்ற கர்வம். நீ பல்கலைக்கழகத்திலிருந்து எழுதிய கடிதங்களைச் சிவப்பு மையில் திருத்தி உனக்கே திருப்பி அனுப்பினேன். நாலாவது கடிதத்தோடு நீ எழுதுவதை நிறுத்திவிட்டாய், உனக்குச் சோம்பல் என்று அப்பாவிடம் சொன்னேன். இதை அப்பாவின் மொழியில் எழுதுகிறேன். பிழை இருந்தால் நீ திருத்திக்கொள்.

வியாழக்கிழமை அப்பாவின் முதல் வருடத் திதி. வாழைக்காய், பருப்புப் பாயசம் எல்லாம் செய்து படைத்தேன், பாயசத்தில் வெல்லம் கொஞ்சம் கூடிவிட்டது. சாயங்காலம் அப்துல் முத்தலிப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். உனக்கு நினைவிருக்கும், தேக்கா சந்தையில் கைக்கடிகாரம் பழுதுபார்த்துக்கொண்டிருந்தவர், நம் அடுக்குமாடி புளோக்கின் கீழே கல்மேசையில் தினமும் அப்பாவோடு உட்கார்ந்திருப்பார். தேநீர் குடித்துவிட்டுத் தயங்கித் தயங்கி, அண்ணி, அந்தக் காய் டப்பா இருக்கா, அண்ணன் நினைவா ஒரு ஆட்டம் போடலாமா என்று கேட்டார். மூன்று வருடத்துக்கு முன் நீ கனடாவிலிருந்து, கால்கரியிலிருந்து, அனுப்பிய விளையாட்டுதான், அந்தக் கறுப்பு வெள்ளை அறுகோணக் காய்கள். அப்பா போனபிறகு நான் அதைத் திறக்கவே இல்லை. அன்று எடுத்துக்கொண்டு கீழே போனேன்.

டப்பா வந்த அன்று விதித்தாளைப் படித்து அப்பாவுக்குச் சொன்னது நான்தான், அவருடைய ஆங்கிலம் தஞ்சோங் பகார் துறைமுகத்தில் காதால் கேட்டுப் பழகியது. பலகை கிடையாது, மேசைமேல் ஒரு காயை ஒட்டி இன்னொரு காய் வைத்துக்கொண்டே போகவேண்டும், எதிராளியின் நட்சத்திரக் காயை ஆறு பக்கமும் அடைத்தால் வெற்றி. தாளின் பின்பக்கத்தில் வேறு விளையாட்டுகளின் வண்ணப்படங்கள் இருந்தன, விளம்பரம் என்று நினைத்தேன். தாள் கசங்கக்கூடாதே என்று அன்றைக்கே பசை தடவிக் காலண்டர் அட்டையில் ஒட்டிவிட்டேன். நான் எப்படிச் செய்திருப்பேன் என்று உனக்குத் தெரியும், நாலு மூலையும் ஒரு சுருக்கம் இல்லாமல்.

ஆறாவது காயோ ஏழாவதோ வைக்கவேண்டிய முறையில், முத்தலிப் ஏற்கனவே வைத்திருந்த காய் ஒன்றை எடுத்து வேறு இடத்தில் வைத்தார். வைத்தது வைத்ததுதான், நகர்த்தக்கூடாது என்றேன். அவர் கையை எடுத்துக்கொண்டு, ஆமா அண்ணி, மறந்துட்டேன் லா, மேல வீட்ல ஒரு சட்டம், கீழ ஒரு சட்டம்னு அண்ணன் சொல்வாரு என்று சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்து அந்தச் சிரிப்பை நிறுத்திவிட்டார். நான் விடவில்லை, கேட்டேன். பாவம், அந்த மனிதர் நெற்றியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். நாலு காய் வைத்தபிறகு புதுக்காய் வைக்காமல் பழைய காயை நகர்த்தலாமாம். அந்த விதி பின்பக்கத்தில் படங்களுக்குக் கீழே இருக்கிறதாம். அது இல்லாமல் ஆடினால் முதலில் ஆரம்பிப்பவர்தான் பெரும்பாலும் ஜெயிப்பாராம். நான்தானே எப்போதும் முதலில் ஆரம்பிப்பேன். ஆட்டம் ஒரே மாதிரி முடிகிறதே என்று அப்பா சந்தேகப்பட்டு, டப்பா வந்த முதல் மாதமே உனக்குப் போன் செய்து கேட்டுத் தெரிந்துகொண்டாராம்.

அப்படியென்றால் இரண்டு வருடம் தெரிந்தே தோற்றிருக்கிறார். சாயங்காலம் கீழே முத்தலிப்போடு சரியாக விளையாடிவிட்டு, மேலே வந்து சாப்பாட்டுக்கு முன் என்னிடம் தோற்றிருக்கிறார். மறதியில் ஒரு காயை நகர்த்தப் போவார், நான் விரலில் தட்டுவேன், கான்வென்ட் கன்னியாஸ்திரியிடம் சொல்வதுபோல் சரிங்க சிஸ்டர் என்பார். ஞாயிறுதோறும் நான் உன்னிடம் உன் அப்பா இன்றைக்கும் தோற்றார் என்று சொன்னேன், நீயும் அப்படியாம்மா என்று சிரித்தாய். மருத்துவமனைக்குப் போவதற்கு முதல் நாள் சாயங்காலமும் ஆடினோம். ஒரு வெள்ளைக் காயைக் கையில் எடுத்து ரொம்ப நேரம் வைத்திருந்தார். நான் ம்ம் என்றேன். எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார். அன்றைக்கும் நான்தான் ஜெயித்தேன். அவர் கையில் அந்தக் காய் இருந்தது கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கிறது, சிவானி. எங்கே வைக்க நினைத்தார் என்று கேட்டிருக்கலாம்.

ஏன் எனக்கு யாரும் சொல்லவில்லை என்று இரண்டு நாளாக உங்கள் எல்லோர்மேலும் கோபமாக இருந்தேன். நேற்று அரிசி களையும்போது கோபம் போய்விட்டது, என்னிடம் யாராலும் எதையும் சொல்லமுடியாது, அவ்வளவுதான் காரணம். அதன்பிறகு இன்னொன்றும் தோன்றியது. ஒரு வருடத்துக்கு மேலாக, ஞாயிறு நீ கூப்பிடும்போதெல்லாம் மாப்பிள்ளை எங்கே என்று கேட்கிறேன், அகிலன் கடைக்குப் போயிருக்கிறார் என்கிறாய். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு மனிதர் கடையில் இருப்பாரா? அப்பாவின் காரியத்துக்கும் நீ தனியாகத்தான் வந்தாய், அவருக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய், மாமனார் காரியத்தைவிட லீவு பெரிதா என்று ஆட்கள் முன்னால் உன்னைத்தான் கேட்டேன். நீ தலைகுனிந்து தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாய். நீ தனியாக இருப்பது அப்பாவுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்திருக்கும். போனை எடுத்துக்கொண்டு அவர் கீழே போனதெல்லாம் ஆட்டத்துக்காக மட்டும் இல்லை.

நேற்று விதித்தாளை அட்டையோடு தண்ணீரில் ஊறவைத்து உரித்தேன். நன்றாக ஒட்டியிருந்தேன் அல்லவா, பாதி அட்டையோடேயே போய்விட்டது. முத்தலிப் மீதியைச் சொல்லித்தருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். அப்பாவுக்குச் சொன்னதை எனக்கும் நீதான் சொல்லவேண்டும், முழு விதிகளையும் உன் கையெழுத்தில் எழுதி அனுப்பு. அதே தாளில் மற்றதையும் எழுது. எப்படி எழுதினாலும் சரி, நான் திருத்தமாட்டேன், யோசனையும் சொல்லமாட்டேன், இரண்டு தடவை படித்துவிட்டுப் பேசாமல் இருப்பேன். அது எனக்குக் கஷ்டம்தான், பழகிக்கொள்கிறேன். கடிதம் வரும்வரை ஞாயிறு நீ கூப்பிட்டால் அகிலனைப் பற்றிக் கேட்கமாட்டேன்.

நீ நன்றாக இருக்கவேண்டும், மனம் தளராமல் இருக்கவேண்டும், எந்த வீட்டில் இருந்தாலும் நிம்மதியாகத் தூங்கவேண்டும். குளிருக்குக் கம்பளிக் காலுறை போட்டுக்கொள், ராத்திரியில் வெறும் ரொட்டியோடு படுத்துவிடாதே. உன் அறையில் நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கம்பியை இன்று கழற்றிவிட்டேன். கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருக்கிறேன். இனி முதலில் நீ ஆரம்பி.

அம்மா