இறந்த தந்தையின் உப்பு நிலம்

பிரான்சிஸ்டவுன்
ஜூன் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

கல்யாணம் உறுதியாகிவிட்டது. மாப்பிள்ளை லெசேகோவின் தாய்மாமா மோலெஃபி நேற்று மாலை போனில் சொன்னார்: ஜூலை 12, சனிக்கிழமை, இங்கேயே.

மோலெஃபி போன ஆகஸ்டில் அலுவலக ஆட்களோடு உங்கள் முகாமுக்குச் சுற்றுலா வந்திருக்கிறார். விருந்துக்கு விருந்து அதே பேச்சு. "காட்டுல வேட்டையாடுற சாதி, ஒரு பசார்வாக் கிழவன் இருந்தான்டா. குளிர்ல மான் தோலக் கட்டிக்கிட்டு என்னமா ஆடுனான்! இன்னொரு தடவ ஆடுய்யான்னேன், ஆடுனான்." போனில் உங்கள் படத்தையும் காட்டினார். நானும் சிரித்தேன்.

என் அப்பா ஜோகன்னஸ்பர்க் சுரங்கத்தில் இறந்துவிட்டதாக அவர்களிடம் சொல்லியிருக்கிறேன். நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஓதிலே என் பெரியப்பாவாக நிற்பார். நீங்கள் வர வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகள்,
செசுபோ


உப்பு நில முகாம்
ஜூன் 15

மகள் செசுபோவுக்கு,

கடிதம் சாமான் வண்டியில் வந்தது. சந்தோஷம். லெசேகோ பொறுமைசாலி என்று முன்பே எழுதியிருந்தாய், அதுவே போதும்.

மோலெஃபியை நினைவிருக்கிறது. வெள்ளைத் தொப்பி. முதல் தடவை போனில் பதிவாகவில்லை என்றுதான் மறுபடி ஆடச் சொன்னார். மற்றபடி கெட்ட மனிதர் இல்லை, கடித்து மிச்சமிருந்த ஆரஞ்சைக் கொடுத்தார்.

க்வேட்டா கிராமத்துக் கடையில் ஒரு கோட்டு வாங்கி வைத்துவிட்டேன். முகாமில் நாங்கள் பேன்ட்டையும் கடிகாரத்தையும் கிடங்கில் வைத்துவிட்டுத்தான் விருந்தாளிகள் முன் வர வேண்டும். கோட்டுப் போட்டால் என்னை யாருக்கு அடையாளம் தெரியும்? ஓதிலேயின் டிரைவர் என்று சொல். கடைசி வரிசையில் நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன்.

அப்பா


பிரான்சிஸ்டவுன்
ஜூலை 14

அப்பாவுக்கு,

பதில் எழுதாததற்குக் காரணம் உங்களுக்கே தெரியும். கோட்டுப் போட்டாலும் உங்கள் முகம் அதே முகம்தானே. கல்யாணம் நன்றாக நடந்தது. சுரங்கத்தில் இறந்த தந்தைக்காக ஓதிலே இரண்டு வார்த்தை பேசினார். மாமியார் அழுதார்.

ஆனால் மோலெஃபி தந்த பரிசு, உங்கள் முகாமில் இரண்டு இரவு. எல்லோர் முன்னும் அறிவித்தார். அவரும் கூட வருகிறார். 24ஆம் தேதி வருகிறோம். தயவுசெய்து அன்றைக்கு லீவு போட்டு எங்கேயாவது போய்விடுங்கள்.

இதை மட்டும் செய்யுங்கள், இனி எதுவும் கேட்க மாட்டேன்.

செசுபோ


உப்பு நில முகாம்
ஜூலை 19

செசுபோவுக்கு,

லீவு இல்லை. மேலாளர் இன்று காலை நேரிலேயே சொன்னார்: "கெபோனெ, அந்த ஆளு உன்னத்தான் கேட்டு புக் பண்ணிருக்காரு. உனக்கு என்ன, ஊர்ல கல்யாணமா?" இல்லை என்றேன்.

குதிகால் உயர்ந்த செருப்பு போடாதே, உப்புத் தரை உடைந்து கால் சேற்றில் இறங்கும். என் காலடித் தடத்திலேயே கால் வைத்து வா. விருந்தாளிகளை உப்பு நிலத்தில் நடக்கக் கூட்டிப்போகுமுன் ஒவ்வொருவரிடமும் பெயர் கேட்பேன், அது முகாம் வழக்கம். உன்னிடமும் கேட்பேன்.

மோலெஃபி ஆடச் சொல்வார். எல்லோரும் சிரிக்கும்போது நீயும் சிரி. சிரிக்காத முகத்தைத்தான் அவர் திரும்பிப் பார்ப்பார்.

கோட்டைச் சாமான் வண்டி டிரைவருக்குக் கொடுத்துவிட்டேன். அவனுக்குச் சரியாக இருக்கிறது.

உங்கள் விமானம் வியாழன் காலை ஒன்பது மணிக்கு இறங்கும் என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். வரவேற்க வரிசையில் நிற்பேன்.

கெபோனெ