டொராண்டோவிலிருந்து வர வேண்டிய கோடிச் சேலை

ஆகஸ்ட் 12, செவ்வாய்

மேற்குக் காற்று, தூறல். விடியற்காலை நான்கு மணிக்குச் சரசு போய்விட்டாள். நாற்பத்தாறு வருடத் துணை. எழுதினால்தான் யோசனை ஓடும்.

1. தூரம்: டொராண்டோ–கோவை, சுமார் 13,500 கி.மீ. வானில் 15 மணி நேரம்.
2. கதிர்வேல் (சரசுவின் தம்பி) நம் நேரப்படி இன்று காலை 8-க்கு ஏறுகிறார். இறங்குவது நாளை மாலை 6.
3. பிறந்த வீட்டுக் கோடிச் சேலையை அவர்தான் போர்த்த வேண்டும். கூடப்பிறந்தவர் அவர் ஒருவரே.
4. காத்திருப்பதா, எடுப்பதா.

எண் 2: அவர் அனுப்பிய டிக்கெட்டில் இறங்குவது புதன் காலை 8.30 என்று இருக்கிறது. இரண்டு ஊருக்கும் ஒன்பதரை மணி வித்தியாசம். கூட்டினேன். திரும்பவும் கூட்டினேன். ஆக, பயணம் 34 மணி. வானில் 15 போக, மீதி 19-ம் இடையில் காத்திருப்பா? சந்தேகம்தான். அழைத்தேன். போன் அணைந்திருக்கிறது. விமானத்தில் இருப்பார்.

மதியம். தாராபுரத்திலிருந்து அவள் பெரியப்பா மகன் சின்னச்சாமி வந்தான்.

"ஏனுங் மாமா, தம்பி எப்ப வருதுங்க?"

"நாளைக்குச் சாயங்காலம் ஆறு."

"காத்தாலன்னா பொறுக்கலாமுங்க. பொழுது உழுந்தா எடுக்க முடியாதுங்களே. அப்புறம் வெசாழக்கெழமை ஆயிருமுங்க."

பின்னால் யாரோ, "கணக்குச் செரிதானுங்களா?"

இன்னொருவர், "ஏப்பா, முப்பது வருசம் பூகோளம் நடத்துனவருகிட்டயா கேக்கறே?" பந்தலில் சிரிப்பு.

இன்னொருமுறை பார்க்கட்டுமா என்று கேட்க வாய் வரவில்லை. "செரிங்க" என்றேன்.

நாலரைக்கு எடுத்தார்கள். கோடி போர்த்தியது சின்னச்சாமி. பச்சைச் சேலை. அவளுக்குப் பச்சை பிடிக்காது.

ஆகஸ்ட் 13, புதன்

வெயில். பால் ஊற்றப் புறப்பாடு. சொம்பு, இளநீர், பழம். தேங்காயை மறந்து வீட்டுக்குத் திரும்பினேன். வாசலில் டாக்சி. கதிர்வேல். மணி ஒன்பதே கால். கையில் கவர் பிரிக்காத அரக்கு நிறச் சேலை.

"அக்காவ உள்ளயா வெச்சிருக்கீங்க, மாமா?"

கழுவிவிட்ட வாசலைப் பார்த்தார். சேலையோடு என் பின்னால் நடந்தார்.

சுடுகாட்டில் சாம்பல்மேல் சேலையை விரித்தார். அடியில் இன்னும் சூடு. ஓரம் கருகிச் சுருண்டது. அவர் கையை எடுக்கவில்லை. சின்னச்சாமிதான் பிடித்து எழுப்பினான்.

"பிளேனு முன்னாலயே வந்துருச்சாட்டங்க, தம்பி?"

"இல்லீங்ணா. டிக்கெட்ல போட்ட நேரந்தானுங்க."

யாரும் என் பக்கம் திரும்பவில்லை. நான் தேங்காயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

மாலை. டிக்கெட்டை மறுபடி பார்த்தேன். இறங்கும் நேரத்தை இறங்கும் ஊர் மணியில்தான் போட்டிருக்கிறார்கள். கூட்ட வேண்டியதே இல்லை. பயணம் இருபத்துநாலரை மணிதான்.

கதிர்வேல் பக்கத்து அறையில் படுத்திருக்கிறார். எழுந்ததும் நானே சொல்ல வேண்டும். எண் 2 தவறு.