சலவை அறையிலிருந்து பத்தாம் வகுப்புக்கு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம், அவருடைய முட்டிவலியும் சௌக்கியமாகவே இருக்கிறது. நீ நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொள்கிறேன், நம்பாமல் என்ன செய்வது.

படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகட்டுமா என்று கேட்டிருந்தாய், பதிலுக்கு இங்கே நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரி சலவைப் பிரிவுக்குப் போன வருஷம் மேற்பார்வையாளராக ஒரு பெண் வந்தாள், உன்னைவிட இரண்டு வயசுதான் மூத்தவள், பட்டம் வாங்கியவள், சம்பளம் என்னுடையதைப்போல் இரண்டு மடங்கு. வந்த வாரமே ஆபரேஷன் தியேட்டரின் பச்சைத் துணியையும் டாக்டர்களின் வெள்ளைக் கோட்டையும் ஒரே மெஷினில் போட்டுவிட்டாள், மறுநாள் டாக்டர்கள் எல்லாரும் கீரைக்கட்டு மாதிரி நடமாடினார்கள். பெரிய டாக்டர் கத்தியதில் பாவம் அழுதுவிட்டாள். தேற்றப் போன என்னிடம், "உங்களுக்குத் தெரிஞ்சதுல பாதிகூட எனக்குத் தெரியாதுக்கா, நீங்க ஏன் இந்த வேலைக்கு எழுதிப் போடல" என்றாள். ஒன்பதாவதோடு நின்றவளுக்கு யார் தருவார்கள் என்றேன். இருபத்திரண்டு வருஷமாக வருகிறவர்களுக்கெல்லாம் வேலை கற்றுக்கொடுத்து மேலே அனுப்பிவிட்டு நான் அதே மெஷின் முன்னால் நிற்கிறேன், அதை அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன். துணை மேற்பார்வையாளர் இடம் காலியாகப்போகிறது, அதற்குப் பத்தாவது போதும் என்று அவளே பரீட்சைக்கு விண்ணப்பம் நிரப்பி நீட்டினாள். நான் அவளுக்குத் துணி பிரிக்கக் கற்றுக்கொடுத்தேன், அவள் எனக்குக் கணக்கு கற்றுக்கொடுத்தாள். மூன்று மாதம் வீட்டில் சமையல் அப்பா, நான் இளைத்துப்போனதற்குப் படிப்பு காரணமில்லை.

போன வாரம் ரிசல்ட். கணக்கில் எழுபத்தொன்று, மற்றதிலும் தேறிவிட்டேன், ஃபெயிலானது மொழிப்பாடத்தில். முதல் கேள்வியே, தொலைவில் இருக்கும் ஒருவருக்குக் கடிதம் எழுதுக என்று. உனக்கே எழுத ஆரம்பித்தேன், எட்டுப் பக்கம் ஓடியது, மணி அடித்துவிட்டது, மற்ற கேள்விகளைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. உனக்குச் சொல்லாமல் வைத்திருந்ததெல்லாம் அதில் இருந்தது, யாரோ ஒரு வாத்தியார் சிவப்பு மையால் திருத்தியிருப்பார். "நம்ம வீட்டுக் கதையெல்லாம் தெரிஞ்சுபோச்சே, அவரு நம்ம வீட்டுக்கே வந்துடப்போறாரு" என்கிறார் அப்பா.

இரண்டு மாதத்தில் மறுதேர்வு, அதுவரை இடத்தை நிரப்பாமல் வைப்பதாக மேலாளர் சொல்லியிருக்கிறார். விட்ட ஒரு வகுப்பைப் பிடிக்க எனக்கு முப்பத்தைந்து வருஷம் ஆகிறது, உனக்கு மீதி ஒன்றரை வருஷம்தான், யோசித்துச் செய்.

நினைத்தது நடந்து நீ நன்றாக இருக்க வேண்டும். தலை காயாமல் வெளியே போகாதே. கடிதத்தைச் சுருக்கி எழுதிப் பழகச் சொல்லியிருக்கிறாள் அந்தப் பெண், அதனால்தான் நிறுத்துகிறேன், கோபம் என்று நினைத்துக்கொள்ளாதே.

இப்படிக்கு,
மறுதேர்வுக்குப் படிக்கும் உன் அம்மா